கேபிளை நீங்களே செருகுங்கள்!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஜன்னல்களைப் பாதி சாத்தியே வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை பிற்பகலில், விஞ்ஞானக் கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். மேசைமீது ரோபோ வண்டி ஒன்று இருந்தது. தரையில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பார்த்து, கோடு வளைந்தால் தானும் வளைந்து ஓட வேண்டிய வண்டி. சக்கரம் இருந்தது, மோட்டார் இருந்தது, பாட்டரி இருந்தது. வண்டியின் மூளையான மின்னணுப் பலகையும் இருந்தது. அதைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் முகம் வாடி நின்றார்கள்.

“சார், லைட்டு எரியுது. ஆனா கம்ப்யூட்டர் இதப் பாக்கவே மாட்டேங்குது” என்றான் ஒருவன்.

கேபிளின் ஒரு முனை கம்ப்யூட்டரில் இருந்தது. மறு முனை பலகையில். பலகையில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனால் கம்ப்யூட்டரின் திரையில், பலகை எந்த வாசலில் இணைந்திருக்கிறது என்று காட்ட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. விளக்கு எரிவதால் கேபிள் நன்றாக இருக்கிறது. ஆகவே பலகைதான் பழுது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். விற்றவர்கள் ஆள் அனுப்பட்டும் என்று பெட்டியைக் கட்டி வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. “வேறு கேபிள் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டேன். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சற்று யோசித்தாள். “எங்கண்ணன் போன்ல இருந்து கம்ப்யூட்டருக்குப் போட்டோ ஏத்துற வயர் வீட்டுல இருக்கு சார். எடுத்துட்டு வரட்டா?” என்றாள். வீடு இரண்டு தெரு தள்ளி. சாரலில் நனைந்தபடி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். செருகியதும் கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. திரையில் ‘காம் 4’ என்று ஒரு பெயர் முளைத்தது. ஐந்து பிள்ளைகளும் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆசிரியை ஒருவர் ஓடி வந்துவிட்டார்.

அந்தச் சிறுமி ‘எத்துற’ வயர் என்று சொன்னதைக் கவனித்தீர்களா? சார்ஜ் ஏற்றுகிற வயர் என்று அவள் சொல்லவில்லை. போட்டோ ஏற்றுகிற வயர் என்றாள். விஷயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

விளக்கு எரிந்தால் என்ன தெரியும்?

யு.எஸ்.பி. கேபிள் ஒன்றை அறுத்துப் பார்த்தால், சாதாரண வகையில் நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பு 5 வோல்ட் மின்னழுத்தத்தைக் கொண்டுவருவது. கறுப்பு மின்சாரம் திரும்பிச் செல்லும் தரைக்கம்பி. பச்சையும் வெள்ளையும் செய்தியைச் சுமப்பவை. மலிவான சில சார்ஜர் கேபிள்களில் இந்தப் பச்சையும் வெள்ளையும் கிடையா. சார்ஜ் ஏற்றுவதற்கு அவை தேவையில்லை; செம்பு மிச்சம்! வெளியே பார்த்தால் இரண்டு கேபிளும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகவே சிவப்பு விளக்கு எரிந்தபோது நிரூபணமானது ஒன்றே ஒன்றுதான்: சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் நன்றாக இருக்கின்றன. பச்சையையும் வெள்ளையையும் பற்றி அந்த விளக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக நாம் எடுத்துக்கொண்டோம். ஒரு சாட்சி எதைப் பார்த்தாரோ அதை மட்டுமே அவரிடம் கேட்க வேண்டும் அல்லவா? விஞ்ஞானத்திலும் அப்படித்தான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த கருத்து இதுதான். ரோபோப் பலகையைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வேலையை, பாடம் தொடங்குவதற்கு முன் யாரோ முடித்துவைக்க வேண்டிய தொல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பயிற்சி கொடுக்க வருகிறவர் எல்லாவற்றையும் இணைத்துவைத்து, “தம்பி, இந்தப் பொத்தானை அமுக்கு” என்கிறார். வண்டி ஓடுகிறது, எல்லாரும் கை தட்டுகிறார்கள். அவர் பஸ் ஏறிப் போனபின் மறுநாள் வண்டி ஓடுவதில்லை. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன். என்னைக் கேட்டால், இணைப்பதுதான் முதல் பாடம் என்பேன். அதை மாணவர் தம் கையால் செய்ய வேண்டும். தவறு வந்தால் அதைத் தாமே தேட வேண்டும்.

ஒரு நொடியில் நடக்கும் உரையாடல்

கேபிளைச் செருகிய கணத்தில் என்னென்ன நடக்கிறது என்று தெரிந்தால், இது எவ்வளவு பெரிய பாடம் என்பது உங்களுக்கே புரியும்.

முதலில், ஏதோ ஒன்று வந்து இணைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? இணைகின்ற கருவி, செய்திக்கம்பிகள் இரண்டில் ஒன்றை 1,500 ஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டுக்கு உயர்த்திப் பிடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் கை தூக்குவது போல! அதுவரை தாழ்ந்திருந்த கம்பி உயர்ந்ததைக் கண்டு, “யாரோ வந்திருக்கிறார்” என்று கம்ப்யூட்டர் அறிகிறது. உடனே “நீ யார்? உன்னைச் செய்தவர் யார்? உனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?” என்று வரிசையாகக் கேட்கிறது. கருவி தன் எண்களைச் சொல்கிறது. அந்த எண்களுக்கு ஏற்ற ‘டிரைவர்’ என்னும் துணைப் புரோகிராம் கம்ப்யூட்டரில் இருந்தால், பலகைக்கு ஒரு வாசல் எண் கிடைக்கிறது. இல்லையென்றால், விருந்தாளியின் மொழி தெரியாத வீட்டுக்காரர்போலக் கம்ப்யூட்டர் விழிக்கிறது.

செய்திக்கு ஒரு கம்பி போதாதா, ஏன் இரண்டு? ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். பெறுகிற முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். பக்கத்தில் மின்விசிறியோ மோட்டாரோ ஓடி, அதனால் வீண் மின்னழுத்தம் புகுந்தால், முறுக்கிச் சேர்ந்திருக்கும் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவாகப் புகும். கழிக்கும்போது அது போய்விடும். ஆறாம் வகுப்புக் கழித்தல் கணக்கு, மின்சாரத்தில் எவ்வளவு அழகாகப் பயன்படுகிறது பாருங்கள்! 1996-ல் வெளிவந்த இந்த யு.எஸ்.பி. முறையை உருவாக்கியதில் முக்கிய பங்கு வகித்தவர்களில் ஒருவர், குஜராத்தின் வடோதராவில் படித்து அமெரிக்கா சென்ற அஜய் பட்.

அடுத்து, நீங்கள் எழுதிய புரோகிராம் பலகைக்குள் போக வேண்டும். பள்ளிகளில் மிகுதியாகப் புழங்கும் ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையை எடுத்துக்கொள்வோம். புரோகிராமை அனுப்புவதற்குமுன் கம்ப்யூட்டர் ஒரு கம்பியின் மின்னழுத்தத்தைச் சட்டென்று இறக்குகிறது. அது 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியாகப் பலகையின் ‘ரீசெட்’ முனையைத் தாழ்த்துகிறது. அந்த முனையில் 10,000 ஓம் மின்தடை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பவர்கள் இரண்டையும் பெருக்கிப் பார்க்கலாம்: ஒரு மில்லி செகண்டு. அந்தக் கண நேரத் தட்டில் பலகை தூங்கி விழித்ததுபோலப் புதிதாகத் தொடங்குகிறது. விழித்ததும், முன்பே அதற்குள் எழுதி வைத்திருக்கும் ‘பூட்லோடர்’ என்னும் குட்டிப் புரோகிராம், “புதிதாக ஏதாவது வருகிறதா?” என்று ஒரு நொடி போலக் காத்திருந்து பார்க்கும். வந்தால் வாங்கி நினைவகத்தில் எழுதும். வராவிட்டால் பழைய புரோகிராமை ஓட்டும்.

வேகத்தையும் கணக்கிடுவோம். இந்தப் பலகைக்கு நொடிக்கு 1,15,200 பிட்டுகள் வீதம் செய்தி போகிறது. ஒரு பைட்டுக்கு 8 பிட், அதற்கு முன் ‘இதோ தொடங்குகிறேன்’ என்று ஒரு பிட், பின் ‘முடித்தேன்’ என்று ஒரு பிட், ஆக 10. எனவே நொடிக்கு 11,520 பைட். பலகையின் 32 கிலோ பைட் நினைவகம் முழுவதையும் நிரப்பினால்கூட ஏறத்தாழ மூன்று நொடிதான். இரு பக்கத்துக் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும் என்பதும் இங்கே முக்கியம். ஒன்று மற்றதைவிட நூற்றுக்கு ஐந்து வேகமாக ஓடினால், பத்தாவது பிட்டுக்கு வரும்போது அரை பிட் விலகியிருக்கும். கேட்பவர் தவறான இடத்தில் கேட்பார். எழுத்துகள் எல்லாம் குழம்பி வரும்.

மின்தடை, மின்தேக்கி, மின்னழுத்த வித்தியாசம், காலம், வேகம் என்று இயற்பியலில் பாதி அந்தக் கேபிளுக்குள் இருக்கிறது. இதைத் தவிர்த்துவிட்டு வேறு எதை நடத்தப் போகிறோம்?

கதவு எப்படித் திறந்தது?

இந்த வாய்ப்பு எளிதில் கிடைத்ததன்று. 1980-ல் இண்டெல் கம்பெனி 8051 என்னும் புகழ்பெற்ற சிப்பை வெளியிட்டது. அதன் உறவினரான 8751 வகைச் சிப்பின் தலையில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். புரோகிராமில் ஒரு சிறு பிழை என்றாலும், சிப்பைக் கழற்றி, புற ஊதாக் கதிர் விளக்கின்கீழ்க் கால் மணி நேரமோ அதற்கு மேலோ வைத்துப் பழையதை அழித்து, தனி யந்திரத்தில் பொருத்திப் புதியதை எழுதி, மறுபடி கொண்டுவந்து செருக வேண்டும். அந்த யந்திரம் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. பள்ளிக்கூடங்களின் பேச்சே இல்லை.

ஆனாலும் குழந்தைகள் கையில் யந்திரத்தைக் கொடுக்க வேண்டும் என்று விடாமல் சொன்னவர் ஒருவர் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கணித அறிஞர் சீமூர் பேப்பர்ட். குழந்தைகளுக்காக 1967-ல் உருவான லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியின் தந்தைகளுள் ஒருவர். அவருடைய ‘ஆமை’ என்னும் சிறு ரோபோ, நீண்ட கேபிள் ஒன்றால் கம்ப்யூட்டரோடு பிணைந்து தரையில் ஊர்ந்து கோலம் வரையும். அவர் 1980-ல் எழுதிய நூலின் பெயரையே, 1998-ல் லெகோ கம்பெனி தன் ரோபோத் தொகுதிக்கு வைத்தது.

2003-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் படித்துக்கொண்டிருந்த கொலம்பிய மாணவர் எர்னாண்டோ பர்ராகான், எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களும் பயன்படுத்தும்படி ‘வயரிங்’ என்ற பலகையையும் மென்பொருளையும் செய்தார். அதன் வழியில் 2005-ல் அதே நகரில் மாஸிமோ பன்ஸியும் அவருடைய தோழர்களும் ஆர்டுயினோவைக் கொண்டுவந்தார்கள். ஊனோ பலகை 2010-ல் வந்தது. அதன் வரைபடத்தை யாரும் பார்க்கலாம், யாரும் செய்யலாம் என்று திறந்து வைத்தார்கள். அதனால்தான் சென்னை ரிச்சி தெருவில் பல கம்பெனிகள் செய்த ஒரே மாதிரிப் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் செய்தியை மொழிபெயர்க்கும் சிப் வேறுபடலாம். ஒன்றுக்கு உள்ள டிரைவர் மற்றொன்றுக்கு உதவாது. மலிவுக்கு நாம் தரும் விலை அந்தச் சிறு சிரமம்.

2016-ல் பிரிட்டனில் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் மைக்ரோபிட் பலகைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ்போலத் தோன்றும். புரோகிராம் கோப்பை இழுத்து அதில் போட்டால் போதும். இணைப்பை எளிதாக்க எவ்வளவு அறிவாளிகள் எத்தனை ஆண்டு உழைத்திருக்கிறார்கள்! அவர்கள் கதவைத் திறந்தது நீங்கள் உள்ளே போவதற்காக. வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதற்காக அன்று.

மறுப்புகளும் என் பதிலும்

என் கருத்தை ஒப்பாதவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

“பிள்ளைகள் கையில் கொடுத்தால் உடைத்துவிடுவார்கள். சாமான் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டியவர் ஆசிரியர்” என்பது முதல் மறுப்பு. உண்மைதான். பலகை ஒன்று எரிந்துபோனால் தணிக்கையில் கேள்வி கேட்கப்படுவது ஆசிரியரையே. ஆனால் பீரோவுக்குள் பூட்டிய பலகையும் வீணாகத்தான் போகிறது. மெதுவாகப் போகிறது, அவ்வளவே. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாய் உடைவதை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். உடையும் பொருள் என்று அதற்குத் தனிப் பக்கமே ஒதுக்குகிறோம். ரோபோப் பலகைக்கும் கேபிளுக்கும் அதே பக்கத்தில் இடம் கொடுங்கள். பத்துப் பலகை இருந்தால் இரண்டைப் ‘பழகு பலகை’ என்று எழுதி வெளியே வையுங்கள். சைக்கிள் பழக வாடகைக் கடையில் பழைய சைக்கிளைத்தானே எடுத்தோம்!

“கம்ப்யூட்டர் திரையிலேயே பலகையின் படத்தை வைத்து ஓட்டிப் பார்க்கலாமே, கேபிள் எதற்கு?” என்பது இரண்டாவது மறுப்பு. பலகை இல்லாத பள்ளிக்கு அது நல்ல வழி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தப் படத்தில் கேபிள் ஒருநாளும் அறுவதில்லை, பாட்டரி இறங்குவதில்லை, கம்பி நழுவுவதில்லை. திரையில் ஓடும் வண்டி புரோகிராம் சரியா என்று மட்டும் சொல்லும். உலகம் சரியாக இருக்கிறதா என்று சொல்லாது. நீச்சலைப் புத்தகத்தில் படித்துவிட்டு ஐந்தருவித் தடாகத்தில் இறங்குவாரா யாராவது?

“இனி எல்லாம் கம்பியில்லாமல் நடக்கும்” என்பது மூன்றாவது மறுப்பு. நடக்கட்டும். அப்போதும் இரண்டு கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும். பெயர் சொல்ல வேண்டும். வேகம் ஒத்துப்போக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கம்பியில் அதைக் கற்றவருக்குத் தெரியாத கம்பியும் புரியும்.

தவறைத் தேடும் வரிசை

சரி, இணைப்பு வரவில்லை என்றால் என்ன செய்வது? பதறி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இது ஒன்றை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கேபிள். அதே கேபிளால் போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு படத்தை ஏற்றிப் பாருங்கள். ஏறினால் நான்கு கம்பியும் நலம்.

இரண்டாவது, வாசல். பலகையைக் கழற்றிவிட்டுத் திரையில் உள்ள வாசல் பட்டியலைக் குறித்துக்கொள்ளுங்கள். செருகிவிட்டு மறுபடி பாருங்கள். புதிதாக முளைத்த பெயர்தான் உங்கள் பலகை. ஒன்றும் முளைக்காவிட்டால் டிரைவரைத் தேடுங்கள்.

மூன்றாவது, அனுமதி. சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற லினக்ஸ் வகைகளில், வாசல் தெரிந்தாலும் உங்களை உள்ளே விடாமல் இருக்கலாம். பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில், ‘டயல்-அவுட்’ என்ற குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்தால்தான் கதவு திறக்கும். தொலைபேசி வழியே கம்ப்யூட்டர்கள் பேசிய காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். வாசலின் பெயரில் வரும் ‘டி.டி.ஒய்.’ என்ற எழுத்துகளோ, அதற்கும் முந்திய தொலை அச்சு யந்திரத்தின் நினைவு!

நான்காவது, பலகையின் பெயர். உங்களிடம் இருப்பது ஒரு வகை, திரையில் தேர்ந்தெடுத்தது வேறு வகை என்றால் புரோகிராம் ஏறாது.

ஐந்தாவது, வழியை மறிப்பவர். வேறொரு புரோகிராம் அதே வாசலைத் திறந்து வைத்திருக்கலாம். ஊனோ பலகையின் 0, 1 என்ற முனைகளில் வேறு கருவியைப் பொருத்தியிருந்தால் அதுவும் மறிக்கும். ஏனெனில் கம்ப்யூட்டரின் செய்தி வருவதும் அந்த முனைகளின் வழியேதான்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. ரோபோவின் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்காதீர்கள். பழைய வகை யு.எஸ்.பி. வாசல் தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். சக்கரம் தடைப்பட்டு நின்றால் சிறு மோட்டார்கூட அதைவிட மிகுதியாக இழுக்கலாம். மோட்டாருக்குத் தனிப் பாட்டரி வையுங்கள். இரண்டின் தரைக்கம்பிகளை மட்டும் சேருங்கள்.

ஒவ்வொரு தவறையும், அது தீர்ந்த விதத்தையும், தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைப் பலகைப் பெட்டியிலேயே வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகளுக்கு, விற்றவர்கள் கொடுத்த விளக்கப் புத்தகத்தைவிட உங்கள் நோட்டு உதவும்.

நம் ஊருக்கு என்ன?

“இதெல்லாம் பெரிய நகரத்துக்காரர்களுக்கு” என்று நினைக்காதீர்கள். தென்காசியிலிருந்து சுரண்டைப் பக்கமோ ஆலங்குளம் பக்கமோ போனால், செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றில் காற்றாலைகள் சுழல்வதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. காற்றின் திசையை அறிந்து காற்றாலையின் தலையைத் திருப்புவது அதுதான். பழுது பார்க்க வருகிற என்ஜினீயர் தம் மடிக்கணினியை அதோடு இணைத்துத்தான் அதனுடன் பேசுகிறார். உங்கள் மேசையில் நடந்த அதே உரையாடல்தான்! மத்தளம்பாறைக் கிராமத்தில் சோகோ கம்பெனியின் அலுவலகத்தில் இருந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் செய்கிறவர்களையும் உங்களுக்குத் தெரியும்.

புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபோப் பாடத்தைக் கொண்டுவந்து, ஏறத்தாழ 29,000 ரோபோத் தொகுதிகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். நம் நாடு முழுவதும், 2016-ல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ், தேர்ந்தெடுத்த பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை அளித்து 10,000 பள்ளிகளில் கைவினை ஆய்வுக்கூடங்கள் அமைந்தன. மேலும் 50,000 ஆய்வுக்கூடங்கள் ஐந்தாண்டுகளில் அமையும் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பெட்டிகள் வந்துவிட்டன, வந்துகொண்டும் இருக்கின்றன. பெட்டியைத் திறக்கும் கைகள்தான் வேண்டும்.

துயரமான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அருவிக்கரையில் நிற்பவருக்கு வெயிலாக இருக்கும்போதே மலைமேல் மழை கொட்டியிருக்கும். அந்த வெள்ளம் கீழே வந்து சேர்வதற்கு முன் நமக்குக் கிடைக்கும் சில நிமிடங்களே உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருப்பவை.

அதன்பின், மாணவர் பலர் நீர்மட்ட எச்சரிக்கை மாதிரிகள் செய்ய ஆசைப்படுவதைப் பார்க்கிறேன். நல்ல ஆசை. கேளா ஒலியை நீரின்மீது அனுப்பி, அது எதிரொலித்து வரும் நேரத்தை அளந்தால் நீர்மட்டம் தெரியும். நீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால் ஒலி போய்வர ஏறக்குறைய 6 மில்லி செகண்டு. ஒரு வாளியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் வாளியில் செய்த மாதிரியை நம்பி யாரும் அருவியில் இறங்கக் கூடாது. மனித உயிரைக் காக்கும் கருவி பலமுறை சோதித்த, பொறுப்புள்ளவர்கள் அமைத்த கருவியாக இருக்க வேண்டும்.

இருந்தாலும் யோசியுங்கள். நாளைக்கு அப்படிப்பட்ட கருவி மலைமேல் நிற்கப் போகிறது. புரோகிராமை ஏற்றியபின் கேபிளைக் கழற்றிவிடலாம். மின்சாரம் நின்று மறுபடி வந்தாலும் பலகையின் நினைவகத்தில் புரோகிராம் அழியாமல் இருக்கும். கருவி தனியே வேலை செய்யும். ஆனால் ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அது பேசாமல் போனால்? வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை பெட்டியைக் கட்டி வைத்திருக்க முடியுமா, அந்தப் பள்ளியில் மூன்று வாரம் கட்டி வைத்ததுபோல? அன்றைக்கு மலையேறிப் போய், கேபிளைச் செருகி, “விளக்கு எரிகிறது, ஆனால் விளக்கு முழுச் சாட்சியன்று” என்று அறிந்து, வரிசையாகத் தவறைத் தேடும் ஒருவர் இந்த ஊரிலேயே இருக்க வேண்டும். அவர் இப்போது உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கடைசியாக

தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: பெட்டி வாங்கும்போதே டிரைவரையும் விளக்கப் புத்தகத்தையும் உபரிக் கேபிள்களையும் கேட்டு வாங்குங்கள். செய்தி போகும் கேபிளுக்கு ஒரு வண்ண நாடா கட்டி வையுங்கள். ரோபோ வகுப்பின் முதல் பாடவேளையைக் கேபிள் செருகுவதற்கே ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது கழற்றி, செருகி, வாசலைக் கண்டுபிடித்து, பலகையின் சிறு விளக்கை நொடிக்கு ஒருமுறை மினுக்கச் செய்யட்டும்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் சிறியது. வகுப்பில் யாராவது கெட்டிக்காரப் பையன் எல்லாவற்றையும் தானே இணைத்துவிட்டு உங்களைப் பார்க்க மட்டும் விட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். “கொஞ்சம் நகரு, நான் செருகுகிறேன்” என்று சொல்லுங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகள் சொல்லுங்கள். அன்றைக்குச் சாரலில் ஓடிப்போய்க் கேபிள் கொண்டுவந்தவள் வண்டியை ஓட்டும் குழுவில் இல்லை; அட்டையில் வண்ணம் தீட்டும் குழுவில் இருந்தாள். கண்காட்சி நடந்தபோது மேசைக்கு முன்னால் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு கேபிளையும் காட்டி வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்தவள் அவள்தான்.